பட்டம் பெறுமுன் ஓர் ஆராய்ச்சி



ஆசிரியர் அறிந்த விடையை மாணவனும் அறிந்துகொண்டானா என்று பார்ப்பதே தேர்வு என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் 1800ஆம் ஆண்டின் தேர்வு விதிகள் சிறப்புப் பட்டத்துக்கு வழிகோலியபோதும் இவ்வெண்ணமே அடிப்படையாய் இருந்தது. எவரும் விடை காணாத வினாவொன்றை, இன்னும் பட்டம் பெறாத இளைஞனிடம் ஒப்படைக்கலாமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இவ்வழக்கை எடுத்துப் பேசியோருள் வரலாற்றாசிரியர் இருவர் முன்னின்றனர். கலைத்துறையில் பயின்ற எனக்கு அதிற் சற்றுப் பெருமையே.

ஒருவர் மன்செஸ்டரில் 1890 முதல் பேராசிரியராயிருந்த தொமஸ் பிரெடெரிக் டவுட். தம் சிறப்பு மாணவர் இறுதியாண்டில் மூலாவணங்களைத் தாமே படித்து ஆய்வுக் கட்டுரையொன்று எழுத வேண்டும் என அவர் விதித்தார். பிறர் எழுதிய நூலைச் சுருக்கித் தருவது அங்கே செல்லாது. மற்றவர் சாள்ஸ் பேர்த். ஒக்ஸ்போட்டில் 1904இல் வரலாற்றுப் பேராசிரியராய்ப் பதவியேற்றபோது, தம் தொடக்கவுரையிலேயே இத்தகைய பயிற்சி வேண்டுமென வாதாடினார். கல்லூரி ஆசிரியர்கள் வெகுண்டனர். கூடி மறுப்பும் தெரிவித்தனர். தம்மிடம் கற்போர் பெரும்பாலும் அரசியலுக்கும் ஆட்சிப் பணிக்கும் செல்பவர். அவர்க்கு வேண்டுவது விரிந்த கல்வியேயன்றி ஆராய்ச்சித் தொழில் அன்று என்றனர். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. எல்லா மாணவரும் ஆராய்ச்சியாளர் ஆவதில்லை என்பதை, பள்ளியை நடத்தும் எவரும் அறிவர். எவ்வாறாயினும் பேர்த்தின் முயற்சி கைகூடவில்லை.

வரலாற்றுக்கு மூடிய வாயில் அதே ஒக்ஸ்போட்டில் இரசாயனத்துக்குத் திறந்தது. 1912இல் மன்செஸ்டரிலிருந்து அங்கு வந்த பேராசிரியர் பேர்க்கின், முதல் உலகப்போர்க் காலத்திலே, சிறப்புப் பட்டத்தின் நான்காம் ஆண்டு முழுவதையும் ஆராய்ச்சிக்கு ஒதுக்கச் செய்தார். அந்த ஓராண்டில் மாணவன் ஒன்றையும் கண்டறியாமலும் போகலாம். தேர்வுத் தாளிலோ அத்தகைய இடர் இல்லை.

இவ்வொழுங்கில் 1931இல் ஆராய்ச்சி தொடங்கினார் சமர்வில் கல்லூரி மாணவி டொரதி குரோபுட். பவல் என்பாரின் மேற்பார்வையில், தாலியம் சேர்ந்த சில உப்புகளின் பளிங்குகளை எக்ஸ் கதிர்கொண்டு ஆராய்ந்தார். அதன் பயன் மறு ஆண்டே 'நேச்சர்' இதழில் இருவர் பெயராலும் வெளியாயிற்று. பிற்காலத்தில் ஹொட்கின் என்னும் மணப்பெயருடன், பெனிசிலின், வைற்றமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைத் துலக்கி, 1964இல் நோபெல் பரிசு பெற்றவர் அவரே. மாணவியாய்த் தொட்ட கருவியை அவர் ஆயுள் முழுவதும் கைவிடவில்லை.

அவரிடமே 1946இல் நான்காம் ஆண்டு ஆராய்ச்சிக்கு வந்தார் மாக்கிரட் றொபேட்ஸ் என்னும் சமர்வில் மாணவி. கிரமிசிடின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே அவருக்குரிய பொருள். அதன் முழு அமைப்பு அவ்வோராண்டில் புலப்படவில்லை. அவர் இரண்டாம் வகுப்பிலே தேறினார். பின்னர், தச்சர் என்னும் பெயருடன், 1979 முதல் 1990 வரை பிரித்தானியாவின் பிரதமராயிருந்தார். ஆட்சிக்குச் செல்வோர்க்கு ஆராய்ச்சி எதற்கு என்று அன்று கேட்ட ஆசிரியர்கள் இதனைக் கண்டிருந்தால் யாது சொல்லியிருப்பரோ!

ஒக்ஸ்போட்டின் வரலாற்று மாணவரும் இன்று இறுதியாண்டில் ஆய்வுக் கட்டுரை எழுதுகின்றனர். டவுட் 1929இலும் பேர்த் 1936இலும் காலமாயினர்.