மீட்பு: வட்டிக்கடையா, கரந்தையா?

‘மீட்பு’ என்ற சொல்லுக்குக் கிறித்தவப் பிரசங்கங்களில் ஒரு விளக்கம் நிலைத்துவிட்டது. அடகு வைத்த நகையைப் பணம் கட்டி எடுப்பதுபோல, பாவத்தில் அடகுபோன மனிதனை இயேசு விலை கொடுத்து எடுத்தாராம். ஆகவே சொல்லே வட்டிக்கடையில் பிறந்ததாம். உவமை என்ற அளவில் போகட்டும், சொற்பிறப்பாக இது நிற்காது. நகை விஷயத்தில் ஜனங்கள் வாயில் வருவது ‘திருப்பிட்டேன்’ என்பதுதான். ‘மீட்பு’ அங்கே ரசீதிலும் விளம்பரப் பலகையிலும் இருக்கிற சொல். வேறு சிலர் வீணை மீட்டுவதையும் இதோடு முடிச்சுப்போட்டு, ஆன்மாவின் நரம்பை இறைவன் மீட்டுகிறான் என்று உருகுகிறார்கள். வீணையை மீட்டுவான்; மனிதனை மீட்பான். இரண்டும் வெவ்வேறு வினை. அதற்குமேல் அவர்களோடு பேச ஒன்றுமில்லை.

கேள் கேட்பு ஆனது, வேள் வேட்பு ஆனது. அவ்வாறே மீள், மீட்பு. மீள்வது திரும்பி வருவது. மீட்பது திரும்பி வரச் செய்வது. மீண்டும், மீட்சி எல்லாம் இந்தக் குடும்பமே. இதில் பணத்துக்கு இடமே இல்லை. பகைவர் கவர்ந்த ஆநிரையைப் போரிட்டுத் திரும்பக் கொணர்வதே நம் இலக்கணம் அறிந்த மீட்பு. ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் அதற்கென்றே கரந்தைப் படலம் வகுத்தார். தொல்காப்பியர் கரந்தையை நிரை கவரும் வெட்சித் திணைக்குள் அடக்கினார், அவர் ஆள்வதும் ‘பெயர்த்தல்’ என்ற சொல்லே என்று மறுப்பார்கள். உண்மைதான்; ஆனால் இலக்கண நூலோடு வழக்கு முடிந்துவிடுமா? செங்கம் வட்டாரத்தில் இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்களைப் பார்க்கட்டும். தொறு மீட்டுப் பட்டான் என்பது அங்கே திரும்பத் திரும்ப வரும் வாய்பாடு. தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். மந்தை ஊர் திரும்பியது, மீட்டவன் திரும்பவில்லை. சிலுவையைப் பேச வந்தவனுக்கு இதைவிடப் பொருந்திய சொல் வட்டிக்கடையில் கிடைக்குமா?

கிரேக்க மூலச் சொல்லின் வேரிலேயே பிணைப்பணம் இருக்கிறது, மாற்கு 10:45 அதற்குச் சான்று என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் அங்கே தரப்படும் விலை உயிர்; நடுகல் வீரன் தந்ததும் அதுவே. அந்த விலை யாரிடம் கட்டப்பட்டது என்ற கேள்விக்குச் சாத்தானிடம் என்று பண்டைய இறையியலாளர் ஓரிகன் சொல்லப்போய், பின்னால் வந்த இறையியலாளர் ஆன்செல்ம் அதை மறுக்க வேண்டியிருந்தது. கணக்கு உவமையை இழுத்தால் இந்த வில்லங்கம் வரும். லூக்கா 21:28ஐ எடுத்துக்கொண்டால் தகராறே இல்லை. கடைசிக் காலத்துக் கலக்கங்களுக்கு நடுவே மீட்பு நெருங்குகிறது என்கிறது அந்த வசனம்; கட்டவேண்டிய தொகை எதுவும் அங்கே இல்லை, வருகிறவர் ஒருவர் இருக்கிறார். கிருபையா அருளா, இரட்சிப்பா மீட்பா என்று பிரிந்து நிற்கும் 1871ஆம் ஆண்டுப் புராட்டஸ்டண்டு பெயர்ப்பும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியமும்கூட இந்த இடத்தில் மீட்பு என்றே சொல்கின்றன.

நீலகிரி மலைவாழ் படகர்களின் மொழியில் கிறித்தவப் பேச்சு இந்த லூக்காவோடுதான் அச்சேறியது. காசமேஜர் என்ற ஆங்கில அதிகாரியின் ஆதரவில் பாசல் மிஷன் 1846இல் கேத்தியில் பணி தொடங்கியது. 1852இல் படகர் மொழியில் லூக்கா நற்செய்தி மங்களூரில் அச்சானது. படகரின் ‘கரு ஹரசோது’ என்ற இறப்புச் சடங்கே மீட்புக்கு ஆயத்தமான உருவம் என்று இங்கே ஒருவர் வாதிடலாம். இறந்தவரின் பாவங்களைப் பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, கூட்டம் ‘பாவம்’ என்று பின்சொல்ல, அவற்றை ஏற்ற கன்றை அந்நாளில் அவிழ்த்துவிடுவார்கள். அதன்பின் அந்தக் கன்றை வேலைக்குப் பூட்டியதில்லை. உருக்கமான சடங்கு. ஆனால் அதில் பாவம் போகிறது, எதுவும் திரும்பி வரவில்லை. அது நீக்கம், மீட்பு அன்று. கன்று போகிற திசையும் கரந்தையார் மந்தையை ஓட்டி வரும் திசையும் எதிரெதிர். இரட்சிப்பு என்பதும் வேறு: ரக்ஷ் என்ற வடமொழி வேரில் காவல் உண்டு, இழப்பு இல்லை. இழந்ததையே மீட்க முடியும். இனி அகராதி செய்வோர் மீட்புக்கு நிரைமீட்டலை முதற்பொருளாக வைக்கட்டும். அடகு மூன்றாவதாக வந்தால் போதும்.