கேட்பவர் எத்தனை பேர்?



கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களைத் தலையெண்ணிச் சொல்லிவிடலாம். வானொலி கேட்டவர் எத்தனை பேர் என்பதை எப்படிச் சொல்வது? காற்றில் வரும் ஒலிக்கு வாசலும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. ஆனாலும் எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு நேரம், யாருடைய விளம்பரம் என்று முடிவு செய்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். கணக்கில் விழாதவன் அவர்களுக்கு இல்லாதவன்.

முதலில் எண்ணப்பட்டது ஆள் அல்ல, பெட்டி. அன்றைய மலாயாவில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். உரிமங்களைக் கூட்டினால் பெட்டிக் கணக்குக் கிடைத்துவிடும். நகரத்துக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். நம் தோட்டங்களுக்கு? 1946இல் ரேடியோ மலாயா தொடங்கியது. 1948இல் பிறந்த அவசரகாலத்தில், தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் அரசாங்கம் பொதுப் பெட்டிகளை வழங்கியது. தன் செய்தி நம் காதுக்கு எட்ட வேண்டும் என்ற அவசரம் அதற்கு. கமுந்திங் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெட்டி ஒன்று, அதன் முன்னே ஒரு லயமே உட்கார்ந்திருக்கும். ஏட்டிலோ ஒன்றுதான்.

மேல்நாட்டாரும் தடுமாறித்தான் கற்றார்கள். 1930இல் அமெரிக்காவில் கிராஸ்லி என்பவர் தொலைபேசியில் விசாரித்துக் கணக்கெடுத்தார். தொலைபேசி இல்லாத ஏழை வீடு அதில் சேரவில்லை. பிரிட்டனின் பி.பி.சி. 1939 டிசம்பர் முதல் நாள்தோறும் 800 பேரை நேரில் கண்டு, "நேற்று என்ன கேட்டீர்கள்?" என்று வினவியது. நமக்கு இந்த முறையே பிடிக்கிறது. மனிதரை மனிதர் கேட்பது அல்லவா! 1942இல் நீல்சன் நிறுவனம் வானொலிக் கணக்குக்குக் கருவியைக் கொண்டுவந்தது. பெட்டி எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதை அது பதிவு செய்யும். எதிரில் இருப்பவர் தூங்குகிறாரா என்பது அதற்குத் தெரியாது.

நம்மிடம் நேயர் விருப்பம் இருந்தது. ஒரு பாட்டுக்கு அப்பா, அம்மா, சித்தி, பக்கத்து வீட்டார் எனப் பெயர்கள் வரிசையாக வரும். எழுதத் தெரியாதவர்களுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் எழுதினார்கள். அந்த அஞ்சலட்டைகளில் குடும்பமே பதிவாயிற்று.

இன்றோ நிலைமை தலைகீழ். மாணவர்களிடம் ஒரு மாலைப் பொழுதைக் குறித்து வரச் சொன்னோம். ஒரு பிள்ளையின் தாளில் இப்படி இருந்தது: தொலைக்காட்சியில் நாடகம், பாட்டி பார்க்கிறார். அம்மா சமையற்கட்டிலிருந்து காதால் மட்டும் கேட்கிறார். அண்ணன் அதே அறையில் கைப்பேசியில் பந்து விளையாட்டு. தங்கை கண்ணை இரண்டுக்கும் பங்கு போடுகிறாள். நாடகத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்? வகுப்பில் ஒருவர் விடை மற்றவர் விடையோடு ஒத்துவரவில்லை.

1987இல் அமெரிக்காவில் ஒவ்வொருவரும் தமக்குரிய பொத்தானை அழுத்தும் கருவி வந்தது. 2007 முதல், உடலோடு வைத்துக்கொள்ளும் சிறு கருவியொன்று வானொலிக் கணக்குக்குப் பயன்படலாயிற்று. ஒலிக்குள் மறைத்து அனுப்பப்படும், காதுக்குப் புலப்படாத குறியீட்டை அது பிடிக்கும். பெட்டி எதுவானாலும் கணக்கு ஆளோடு நடக்கிறது.

நம் தீபகற்பத்தில் வணிக வானொலிகளுக்காக ஜி.எஃப்.கே. நிறுவனம் நாட்குறிப்பு முறையைக் கையாண்டது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எந்த நேரத்தில் எந்த நிலையம் கேட்டார்கள் என்பதைத் தாளிலோ மின்னேட்டிலோ குறித்துத் தர வேண்டும். பத்து வயது நிறைந்தவர்களே சேர்க்கப்பட்டார்கள். நம் பள்ளியின் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள், எவ்வளவு கேட்டாலும், அந்த ஏட்டில் ஏற மாட்டார்கள்.