ஹீ வென்ட், வென்ட், வென்ட்

1992 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டுரை என்றால் நோட்ஸில் இருப்பதை மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைகள். ஒருநாள், "சொந்தமா ஒரு நாட்டுப்புறக் கதை இங்கிலீஷ்ல எழுதுங்க" என்றேன். எல்லோரும் பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

கைகொடுத்தவர் ஒரு ரஷ்யர், எம்.ஏ.யில் படித்த விளாதிமிர் பிராப். அஃபனாசியேவ் திரட்டிய கதைகளில் 100 மாயக் கதைகளை அலசி, 1928இல் ஒரு நூல் எழுதினார். ஆட்கள் மாறலாம், நிகழ்ச்சிகள் 31 வகைக்குள் அடங்கிவிடும், அவை வரும் வரிசையும் மாறாது என்றார். ஒருவர் வீட்டை விட்டுப் போவார். 'இதைச் செய்யாதே' என்று ஒரு தடை இருக்கும். அது மீறப்படும். கடைசியில் கல்யாணம். இந்த நூல் ஆங்கிலத்துக்கு வந்ததே 1958இல்தான். இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜானி ரொடாரி இந்த 31ஐ 20 சீட்டுகளாக்கிப் பிள்ளைகளைக் கதை கட்ட வைத்ததை 1973இல் எழுதியிருக்கிறார். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நான் கரும்பலகையில் ஆறு நிகழ்ச்சிகளை மட்டும் எழுதிப் போட்டேன். விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த வரிசை பாட்டி சொன்ன கதைகளிலேயே அவர்களுக்குப் பழகியிருந்தது. இங்கிலீஷ் சொல்தான் தடுமாறியது, கதை தடுமாறவில்லை. கண்மாய், பனைமரம், முனி எல்லாம் நோட்டில் இறங்கின.

கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி, அம்மா பேச்சை மீறிக் கிணற்றைத் தாண்டிப் போன பையனைப் பற்றி எழுதியிருந்தாள். "ஹீ வென்ட், வென்ட், வென்ட்." நான் சிவப்பு மையால் அடித்து, "ஹீ வென்ட் எ லாங் வே" என்று திருத்தினேன்.

அடுத்த மாதம் கதை எழுதச் சொன்னபோது, நோட்ஸிலிருந்த பசுக் கட்டுரையை நீட்டினாள்.

"இதுல தப்பு வராது சார்."

'போனான், போனான், போய்க்கிட்டே இருந்தான்' என்று நம் பாட்டிகள் சொல்வதைத்தான் அவள் எழுதியிருந்தாள். ஆங்கிலேயர் கதைக்கும் அது அந்நியமில்லை. 1890இல் ஜோசப் ஜேக்கப்ஸ் வெளியிட்ட தொகுப்பில் மூன்று பன்றிக்குட்டிகள் கதை இருக்கிறது. அதில் ஓநாய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதே பேச்சைத்தான் பேசும். அதைப் படித்தபோது அந்தச் சிவப்புக் கோடு கண்முன் வந்து நின்றது.

அதன்பின் கதை நோட்டில் முதல் முறை பேனாவே வைத்ததில்லை. வாசித்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்பேன். இலக்கணம் மறுவாரம்.

அவளிடம் மட்டும் அப்படிக் கேட்க வாய்க்கவில்லை. அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தாள்.