தோட்டப்புறத் தமிழரும் வாழ்க்கை வரலாற்று நூல்களும்

ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதிவைக்கும் வழக்கம் தமிழில் மிகப் பழமையானதன்று. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு முதல் எழுதிய நாட்குறிப்பை அதற்கு முன்னோடியாகக் கொள்ளலாம். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. தொழிலாளர் இயக்கத்தில் தோய்ந்தெழுந்த திரு. வி. க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' 1944-இல் நூலுருப் பெற்றது. இவற்றை நம் ஆசிரியர்கள் விரும்பிப் பயிற்றி வந்துள்ளனர். மாணாக்கரும் பயின்று வந்துள்ளனர். ஆனால், நாம் வாழும் மண்ணில், பால்மரக் காட்டில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் வாழ்வு எந்த நூல்களில் பதிந்துள்ளது? நெகிரி செம்பிலான் தோட்டங்களை முன்வைத்து இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பது பயனுடையது.

சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன், லாபு, பகாவ், தம்பின் எனப் பரந்து கிடந்த அத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகத் தமிழர்கள் வந்து சேர்ந்தனர். 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தபின் அவ்வரவு நின்றது. அதற்கு முந்திய காலத்தைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் அரசாங்க ஆவணங்களே. வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளர் நிலைமையைக் கண்டு 1937-இல் அளித்த அறிக்கை அவற்றுள் பெயர் பெற்றது. கூலியையும் ஆள்கட்டும் முறையையும் அறிய அது துணை செய்யும். எனினும் விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய ஒரு தாய், தன் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்லும்போது என்ன நினைத்தாள் என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. அதனைச் சொல்ல வேண்டியவை தன்வரலாறுகளே.

நெகிரி செம்பிலானுக்கு உலக வரலாற்றில் ஓரிடத்தைத் தேடித் தந்த நினைவு நூல் ஒன்று உண்டு. பாங்காக்கில் ராய்ட்டர் செய்தியாளராக இருந்து, பின்னர் 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் அமைந்த சுதந்திர இந்திய அரசில் விளம்பர அமைச்சராகப் பணியாற்றிய எஸ். ஏ. ஐயர் 1951-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் அது. 1945 ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் நேதாஜி சிரம்பானில் தங்கியிருந்தபோதுதான் ஜப்பான் பணியப்போகிறது என்னும் செய்தி அவரை எட்டியது. ஒரு பேரியக்கத்தின் இறுதி நாள்களை அருகிருந்து கண்டவர் எழுதியதாதலின், இந்நூலை நம் மாணாக்கர் கட்டாயம் படித்தல் வேண்டும். படிக்கும்போது ஒன்றை மறவாதிருத்தல் நலம். அது தலைவரைக் காட்டுவதற்கென எழுந்த நூல். தாலிக்கொடியையும் காதணியையும் கழற்றிக் கொடுத்த தோட்டப் பெண்களும், மங்கையும் பால்வெட்டுக் கத்தியையும் போட்டுவிட்டுப் படையில் சேர்ந்த இளைஞர்களும் இத்தகைய நூல்களில் திரளாகவே தோன்றுவர். தனித்த முகத்தோடு தோன்றுவது அரிது.

அப்படையின் ஜான்சி ராணிப் பிரிவில் இருந்த ராசம்மா பூபாலனின் வாழ்க்கை வரலாற்றை அருணா கோபிநாத் எழுத, 2007-இல் அது வெளிவந்தது. பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் வேண்டுமென்று போராடியவர் என்ற முறையில், ஆசிரியப் பெருமக்களுக்கு இவ்வரலாறு மேலும் நெருக்கமானது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களோடு இன்னும் நேரடியாகத் தொடர்புடையது பி. பி. நாராயணனின் வாழ்வு. 1946-இல் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் பொறுப்பேற்றுப் பொதுவாழ்வைத் தொடங்கிய அவர், 1949-இல் தொழிற்சங்கப் பேரவையின் முதல் தலைவரானார். சிதறிக்கிடந்த சங்கங்கள் 1954-இல் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பொதுச்செயலாளர் ஆனார். 1962-இல் மகசேசே விருது பெற்றார். 1975-இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராகவும் உயர்ந்தார். சிரம்பானில் தொடங்கிய ஒருவர் உலகத் தொழிலாளர் மேடையில் அமர்ந்த கதை பெருமைக்குரியதே. ஆயினும், அவரைப் பற்றி எழுதுவோர் பெருமையோடு நிறுத்திவிடுதல் தகாது. அவர் களத்தில் இறங்கிய ஆண்டுகள் எளியவை அல்ல. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இடதுசாரித் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். ஒரு வழி அடைக்கப்பட்ட பிறகே மற்றொரு வழி திறந்தது. இவ்விருவர் வாழ்வையும் ஒருசேரப் படிப்பவரே அக்காலத்தைப் புரிந்துகொள்வர். பிற்காலத்தில் தோட்டச் சங்கம் நிறுவிய வணிக நிறுவனத்தின் வழியாகப் பகாவை அடுத்து எழுந்த கெட்கோ குடியேற்றத் திட்டமும், அங்குக் குடியேறியோர் நிலவுரிமைக்காக நெடுங்காலம் நடத்திய போராட்டமும் இவ்வரலாற்றின் பகுதிகளே. ஒரு தலைவரின் வரலாறு அவர்தம் அமைப்பை நம்பி வந்த எளியவரின் வரலாற்றையும் உள்ளடக்கியதாதல் வேண்டும் என்பது என் கருத்து.

இனி, தோட்டத்துள்ளிருந்தே எழுந்த எழுத்துக்கு வருவோம். முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு' என்னும் நூலை இவ்வகையில் முதலிடத்தில் வைப்பேன். கொங்கு நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த தம் குடும்பத்தின் கதையை அவர் எழுதியுள்ளார். களம் பேராக் ஆயினும், நெகிரி செம்பிலான் தோட்டத்தில் வளர்ந்த எவரும் அதில் தம் பாட்டியைக் காண்பர். தோட்டத்து நாட்டுப்புறப் பாடல்களையும் அவர் தொகுத்திருப்பது தற்செயலன்று. எழுத்தறியாதோர் தம் வாழ்வைப் பதிந்துவைத்த ஏடு பாட்டுத்தானே. இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை 1970-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தோட்டத் தொழிலாளர் வாழ்க்கைச் சித்திரங்களையும் இதனோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். தோட்டத்தில் பிறந்து நாடாளுமன்றம் சென்ற அவர், லயத்து வாழ்வை எழுதத்தக்க பொருளாகக் கருதினார்.

இங்கோ நிலைமை வேறு. 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அதே பாதையில் வருந்திய ஐரோப்பியப் போர்க்கைதிகள் எழுதிய நினைவு நூல்கள் மிகப்பல. நமக்கோ அப்பேரிடர் பெரிதும் புதின வடிவில் வாய்த்தது: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை அத்தகையன. புதினம் உண்மையை உணர்த்தவல்லது. ஆயினும், இன்ன தோட்டத்து இன்ன லயத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பினார்கள் என்னும் கணக்கை அதனிடம் கேட்க இயலாது. சென்று மீண்டவர்களுள் மிகப்பலர் எழுதாமலே மறைந்தனர்.

அவர்களின் பிள்ளைகள் இன்னும் உளர். தாம் கேட்டதைச் சொல்ல அவர்களுக்குச் சொற்களும் உள. பெரட்டு, நிரை, மங்கு, கிராணி, செக்ரோல் என்னும் சொற்கள் அகராதிக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு நாளின் ஒரு வேளையைக் குறிப்பது. நினைவு தவறும் என்பது உண்மையே. ஆண்டு மாறும், துரையின் பெயர் மாறும். அதற்காக வாய்மொழியைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. ஒருவர் சொல்வதை மற்றொருவர் சொல்லோடும், பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டோடும், கோயில் திருவிழா அழைப்பிதழோடும், கல்லறைக் கல்லோடும் ஒத்துநோக்கினால் பெரும்பிழைகள் களையப்படும். இம்முயற்சிக்கு ஏற்றவர் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே. அவரை நம்பித்தான் பாட்டிமார் வாய்திறப்பர்.

சென்டாயானில் பால்மரம் நின்ற நிலத்தில் இன்று புதிய நகரம் எழுந்துள்ளது. லயங்கள் இடிந்தன, குடிகள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். கெடிஸ், கிர்பி, பிராட்வால், சுவா பெத்தோங் முதலிய தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தம் பெயர்ப்பலகைகளில் சுமந்து நிற்கின்றன. அத்தகைய பள்ளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டினால், பிள்ளையின் பெயர், பிறந்த நாள் ஆகியவற்றோடு தந்தையின் தொழில் என்றொரு பத்தியும் இருக்கும். ஏடு முழுவதும் மேலிருந்து கீழாக ஒரே தொழில் எழுதப்பட்டிருக்கும்: பால்மரம் வெட்டுதல்.