குப்பையிலிருந்து கரண்ட்: 90 வருஷ இடைவெளியில் இரண்டு ஆலைகள்

குப்பையை எரித்துக் கரண்ட் எடுப்பது புது ஐடியா இல்லைங்க. 1897-லேயே லண்டன் ஷோர்டிட்ச்சில் இதற்கென்று ஒரு மின் நிலையம் வந்துவிட்டது. திறந்து வைத்தவர் விஞ்ஞானி கெல்வின் பிரபு. அது ஓடியதற்கு முக்கியக் காரணம் அன்றைய லண்டன் குப்பைதான். வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. சாம்பலோடு பாதி எரிந்த கரியும் தொட்டிக்கு வந்தது.

90 வருஷம் கழித்து, 1987-ல், டெல்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் ஆலை கட்டினார்கள். நாளுக்கு 300 டன் குப்பை, 3.75 மெகாவாட் கரண்ட் என்பது திட்டம். சில வாரங்களிலேயே நிறுத்திவிட்டார்கள். குப்பை சரியாக எரியவில்லை!

ஏன்? நன்றாக எரியக்கூடிய பேப்பர், அட்டை, பிளாஸ்டிக்கையெல்லாம் கபாடிவாலாவும் குப்பை பொறுக்குபவர்களும் முன்னாடியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஈரமான காய்கறிக் கழிவும் மண்ணும்தான். அடுப்பின் சூடு அந்த ஈரத்தை உலர்த்தவே செலவாகிவிடும்.

இன்புட் தப்பாக இருந்தால் புரோகிராமைத் திட்டிப் பயனில்லை என்பது எங்கள் ஃபீல்டில் பாலபாடம். ஆனால் இங்கே இன்புட்டை "சரிசெய்ய" வேண்டுமென்றால், அந்தப் பேப்பரையும் பிளாஸ்டிக்கையும் விற்றுப் பிழைப்பவர்களின் கையிலிருந்துதான் பிடுங்க வேண்டும். அதனால், புது ஆலை என்று செய்தி வந்தால் நான் மெகாவாட்டைப் பார்ப்பதில்லை. அந்த ஊர்க் குப்பைத்தொட்டியில் என்ன இருக்கிறது, அதை நம்பி யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.