நெல்லுச்சோறு

ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே பெரியம்மாவுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். "கறி, மீனெல்லாம் வேண்டாம் பெரியம்மா. கம்பஞ்சோறு ஆக்கி வச்சிருங்க. அது போதும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எத்தனை வருசம் கழிச்சு வாறே. ஒனக்குப் போயி கம்பஞ்சோறா போடுவாக? பாக்குறவுக என்ன நெனப்பாக?" என்றார்.

எங்கள் ஊர் எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த இடத்தில் கம்பும் சோளமும் பருத்தியும் நிற்கும். வீட்டுக்குள் நுழைந்தால் கோழிக்குழம்பு வாசம். இலையில் பூ மாதிரி வெள்ளைச் சோறு. எதுவும் பேசாமல் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பெரியம்மா எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெல்லுச்சோறு இன்னும் ரெண்டு கரண்டி வைக்கட்டா?"

அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

கரிசல்காட்டில் வெறுமனே 'சோறு' என்றால் அது கம்பு, சோளம், குதிரைவாலி இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அரிசியில் ஆக்கியதைத்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். நெல்லுச்சோறு. தீபாவளி, பொங்கல், கல்யாணம், சம்பந்தக்காரர் வருகை என்று அதற்கு நாள் குறித்திருந்தது. இன்றைக்கு என் பிள்ளைகளிடம் சோறு என்றால் அரிசிதான். கம்பில் ஆக்கினால்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லுக்கு முன்னால் நின்ற அடைமொழி இப்படி இடம் மாறுவதற்குள் மூன்று தலைமுறை கடந்துபோயிருக்கிறது. அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைத்தான் ஊரில் இருந்த மூன்று நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மண். கரிசல் மழையில் சாந்து மாதிரி குழையும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வைப்பாறு விளாத்திகுளத்தைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. ஆனால் வருசத்தில் பாதிக்கு மேல் அதில் பார்ப்பதற்கு மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை நம்பித்தான் வெள்ளாமை. தெற்கே தாமிரபரணிக் கரையில் வருசத்துக்கு இரண்டு போகம் நெல் விளையும். அந்தப் பக்கம் பெண் கொடுத்தால் மகள் நெல்லுச்சோறு சாப்பிடுவாள் என்பது எங்கள் பக்கத்துப் பெற்றோரின் நெடுநாள் ஆசை.

கரிசலுக்கு வெளியுலகத்தோடு உறவை உண்டாக்கியது பருத்தி. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் போன பருத்தி தடைபட்டதும் இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறியது. பிறகு ஹார்வி சகோதரர்களின் ஆலைகள் பாபநாசம், தூத்துக்குடி, மதுரை என்று வரிசையாக வந்தன. 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ஆக, கரிசல் சம்சாரியின் கணக்கு இப்படி அமைந்தது: பருத்தி விற்பதற்கு. கம்பு சாப்பிடுவதற்கு. சோளத்தில் தானியம் மனுசனுக்கு, தட்டை மாட்டுக்கு. பருத்தி எடுத்த பிறகு நிற்கிற மார் அடுப்பெரிக்க. ஒன்றில்லாமல் இன்னொன்று ஓடாது.

இதைச் சொல்லும்போது அந்தக் காலமே நிறைவானது போல ஒரு மயக்கம் வரும். அப்படி இல்லை. காட்டுவேலைக்கு வந்தவர்களுக்குக் கூலியும் தானியமாகத்தான் அளந்தார்கள். சம்சாரி வீட்டுக் குலுக்கையில் அடுத்த வெள்ளாமை வரைக்கும் கம்பு இருக்கும். கூலி வீட்டில் அன்றைக்கு அளந்தது அன்றைக்கே தீர்ந்துவிடும். காலனியிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குக் கூழ் ஊற்றிய இடம் தொழுவத்துக்கு வெளியே. அவர்கள் வீட்டுக் கும்பாவில் உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. 'பாரம்பரிய உணவு' என்று இன்றைக்குப் பெருமையாகப் பேசுகிற இடங்களில் இந்தப் பேச்சு வருவதில்லை.

இன்னொன்றும் வருவதில்லை. உலக்கை. அரிசியை மில்லில் ஒரு தடவை தீட்டி மூட்டை கட்டினால் மாதக்கணக்கில் இருக்கும். கம்பு அப்படியில்லை. அதில் எண்ணெய்ப் பசை உண்டு. மாவாக்கி வைத்தால் நாலைந்து நாளிலேயே கசக்கும், சிக்கு வாடை அடிக்கும். அதனால் வேண்டியதை வேண்டியபோதுதான் குத்த முடியும். சாயந்திரம் காட்டிலிருந்து வந்த கையோடு கம்பில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, உரலில் போட்டுக் குத்தி, சுளகில் புடைத்து, மறுபடி குத்தி, குருணையையும் மாவையும் பிரித்து, உலை கொதித்ததும் முதலில் குருணை, அது வெந்ததும் மாவு, கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி இறக்க வேண்டும். இவ்வளவும் பகல் முழுக்கப் பருத்தி எடுத்தோ களை வெட்டியோ திரும்பிய பெண்ணின் வேலை. அது தினமும். எங்கள் தெருவில் பொழுதடைந்தால் வீட்டுக்கு வீடு உலக்கைச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நான் சென்னையில் இருந்துகொண்டு எத்தனையோ தடவை ஏக்கத்தோடு நினைத்திருக்கிறேன். குத்திய கைகள் அதை நினைத்து ஏங்குமா என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை.

இனி அரிசி வந்த கதை. சென்னை மாகாணம் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த வரத்து நின்றது. போர்க்காலத்தில் ரேஷன் வந்தது. 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். ஆனால் ஜனங்களுக்கு அரிசி கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது சர்க்கார் பொறுப்பு என்கிற எண்ணம் போகவில்லை. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு அரசியலில் அரிசி இல்லாத காலமே இல்லை.

அடுத்த பெரிய சம்பவம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1956இல் காமராஜர் ஏழைப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைப் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். பட்டினியாக வருகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அதன் பின்னால் இருந்த எளிய உண்மை. ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் கொடுத்த தானியத்திலும் பணத்திலும்தான் பல இடங்களில் அடுப்பு எரிந்தது. பெரியம்மாவுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். "எங்கண்ணன் பள்ளிக்கூடம் போனான். என்னைய பருத்திக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

1960களின் நடுவில் மழை பொய்த்து நாடெங்கும் தானியத் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதை லட்சியமாகவும் ஒரு படியை நிச்சயமாகவும் சொல்லி ஆட்சிக்கு வந்தது திமுக. ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. ரேஷன் கடை கிராமத்துக்குள் வந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இலிருந்து இலவசம். அரிசியே விளையாத ஊரில் அரிசிதான் எல்லாவற்றையும்விட மலிவான பண்டம் என்றாகிவிட்டது. குலுக்கையில் கம்பை வைத்துக் காப்பாற்ற யாருக்கு என்ன தேவை? டிராக்டர் வந்து உழவுமாடு போனதும் சோளத்தட்டைக்கும் வேலை இல்லாமல் போனது. அந்த இடத்தில் மக்காச்சோளம் நுழைந்தது. அதை நாங்கள் சாப்பிடுவதில்லை. அது நாமக்கல் பக்கத்துக் கோழிகளுக்குத் தீவனமாகப் போகிறது. 2018இல் படைப்புழு வந்து அதையும் ஒரு கை பார்த்தது. ஆனாலும் அடுத்த வருசம் மறுபடி அதைத்தான் விதைத்தார்கள்.

இந்த வரிசையில் ஒரு வருசத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். 1982. அந்த ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. எனக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அலுமினியத் தட்டு நிறைய நெல்லுச்சோறும் சாம்பாரும். தீபாவளிக்கு வருவது தினமும் வந்தால் எப்படி இருக்கும்! சில வாரத்திலேயே எனக்கு நாக்கு மாறிவிட்டது. ஒரு நாள் ராத்திரி அம்மா கும்பாவில் கம்பஞ்சோற்றைப் பிசைந்து வைத்தபோது தள்ளிவிட்டேன். "இது மாடு திங்கிறது. எனக்கு வேண்டாம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லியிருப்பேன். அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. கும்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டிலும் ராத்திரிக்கு நெல்லுச்சோறு வந்துவிட்டது. காலம் மாறியதால் வந்தது என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் பெரியம்மாவுக்கு என்ன தோன்றியதோ, "சரி, ஆசப்பட்டுட்டே" என்று கம்புக்கு ஏற்பாடு செய்தார். ஊரில் யார் வீட்டிலும் இல்லை. எட்டயபுரம் கடையிலிருந்து பாக்கெட்டில் வந்தது. ரேஷன் அரிசி சும்மா கிடைக்கிற ஊரில் கம்பைக் காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. பிரித்து மோந்து பார்த்து, "பழசு" என்றார். கொல்லையில் உரல் கிடக்கிறது. அதன் குழியில் மழைத்தண்ணீர் நின்று கோழி குடித்துக்கொண்டிருந்தது. கம்பு மிக்ஸிக்குள் போனது. "கரண்டு போயிட்டா கம்பும் கெடையாது" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

ராத்திரி ஆக்கி, ஆறியதும் கையால் உருட்டி, பானையில் தண்ணீர் ஊற்றி உருண்டைகளைப் போட்டு வைத்தார். காலையில் ஒரு உருண்டையை எடுத்து கும்பாவில் போட்டு, மோர் ஊற்றி, உப்புப் போட்டுக் கரைத்துக் கொடுத்தார். கடித்துக்கொள்ள உரித்த சின்ன வெங்காயமும் எண்ணெயில் பொரித்த மிதுக்க வத்தலும். மிதுக்கங்காய் கரிசல் காட்டில் தானாகப் படர்ந்து காய்க்கும் கொடி. நறுக்கி, மோரில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் உப்பு. முதல் வாய் குளிர்ச்சியாக இறங்கியது. கம்பின் லேசான இனிப்பும் நீச்சத்தண்ணியின் புளிப்பும் சேர்ந்து நாக்கில் நின்றது. இரண்டாவது கும்பாவும் கேட்டு வாங்கினேன். நாற்பது வருசத்துக்கு முந்தைய ருசி அதுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வயிறு அதை அடையாளம் கண்டுகொண்டது.

"நீங்க சாப்பிடல?"

"எனக்கு இட்லி இருக்கு." பக்கத்தில் சுண்டு தட்டில் மூன்று இட்லி. "சுகருக்குக் கம்பு நல்லதாம்லா. டாக்டரு சொல்லுதாரு. அறுவது வருசமா எந்தக் கஷாயத்தக் குடிச்சு அதவிட்டு வெளிய வந்தோம்னு அவருக்குத் தெரியுமா? நீ ஆசைக்குத் திங்கே. நாங்க வேற இல்லாமத் தின்னோம். ரெண்டும் ஒண்ணாய்யா?"

2018ஐ இந்திய அரசு சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கம்பு, சோளம், குதிரைவாலியை எல்லாம் 'சத்துத் தானியங்கள்' என்று அழைக்கச் சொன்னது. 2023 ஐக்கிய நாடுகள் சபையின் சிறுதானிய ஆண்டு. மழை குறைந்த நிலத்துக்கும் உடம்புக்கும் அவை ஏற்றவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தானியம் திரும்பி வரவேண்டும் என்று நாம் ஆசைப்படும்போது அதோடு ஒட்டிக்கொண்டிருந்த உலக்கையும் தானியக்கூலியும் தொழுவத்துக்கு வெளியே ஊற்றிய கூழும் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசிக்குப் போனவர்கள் பாரம்பரியத்தைத் தொலைத்தவர்கள் என்று நான் முன்பு ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பெரியம்மா முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

கும்பாவைக் கழுவப் போனேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பெரியம்மா சொன்னார்: "ஒங்கம்மா இருந்தா இன்னைக்குச் சிரிப்பா. மாடு திங்கிறதுன்னு சொன்னவன்லா நீ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு ராத்திரியே வந்து சொல்லி அழுதாளே. மறுநாளு எங்கிட்ட அரைப்படி அரிசி கடன் வாங்கிட்டுப் போனா. ஒனக்கு மட்டும் தனியா வடிச்சுப் போட. தீரத் தீர வந்து வாங்கிட்டுப் போவா. ரெண்டு மூணு வருசம் அப்படித்தான். ஒங்கப்பாவுக்கும் அவளுக்கும் கம்புதான். எங்க காட்டுல பருத்தி எடுத்துக் கழிச்சா."

கேட்பதற்கு எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "மொத்தம் எத்தனை படி இருக்கும் பெரியம்மா?"

"அதையெல்லாம் யாருய்யா கணக்கு வச்சா" என்று சொல்லிவிட்டு, கும்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.