தட்டில் சிக்காத தங்கம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கார்லின் என்றொரு சிறிய ரயில்வே ஊர். அதற்கு வடக்கே உள்ள குன்றுகளில், 1907-க்குப் பிறகு தங்கம் தேடியவர்களுக்கு ஓடை மணலில் கொஞ்சம் பொடி கிடைத்தது. பக்கத்திலிருந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறையை யாரும் சீந்தவில்லை. அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அந்தப் பாறையை இடித்துத் தட்டில் அலசினால் ஒரு மினுக்கம்கூடத் தெரியாது. நுண்ணோக்கிக்கும் பெரும்பாலும் எட்டாத அளவில், ஆர்செனிக் கலந்த பைரைட்டுக்குள் தங்கம் ஒளிந்திருந்தது.

வடமத்திய நெவாடாவின் சுரங்க வட்டாரங்கள் வரிசை வரிசையாக அமைந்திருப்பதை நிலவியலாளர் ரால்ஃப் ராபர்ட்ஸ் 1960-ல் எழுதினார். மேலே ஏறிக் கிடந்த பழம்பாறை அடுக்கு அரித்துப்போய், அடிப்பாறை தலைகாட்டும் இடங்களைப் பார்க்கச் சொன்னார். நியூமான்ட் சுரங்க நிறுவனத்தின் ஜான் லிவர்மோரும் ஆலன் கூப்பும் 1961-ல் கார்லினுக்கு வடக்கே உள்ள அந்தக் குன்றுகளுக்குப் போனார்கள். கண்ணை நம்பாமல் மாதிரிகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பொடித்த பாறையை ஈய ஆக்சைடுடன் உலையில் உருக்கினால், தங்கம் ஈயத்தோடு சேர்ந்துவிடும். ஈயத்தைப் பிரித்தால் கடைசியில் ஒரு பொட்டு மிஞ்சும். அந்தப் பொட்டுதான் சாட்சி.

1965-ல் கார்லின் சுரங்கம் திறந்தது. இன்று அமெரிக்கா வெட்டியெடுக்கும் தங்கத்தில் பெரும்பகுதி நெவாடாவிலிருந்தே வருகிறது.